கரும்புச் சக்கையில் மிச்சமிருக்கும் சர்க்கரை: முதல்முறை செய்து பார்ப்பவர்களுக்கு

கரும்புச்சாறு கடைக்காரர் ஒரே கழியை மூன்று நான்கு தடவை மடித்து மடித்து எந்திரத்துக்குள் விடுவார். கடைசியாக வெளியே விழும் சக்கையை வாயில் வைத்தால் வைக்கோலை மென்ற மாதிரி இருக்கும். ஆனால் அதைக் காயவைத்து நிறுத்தால், எடையில் ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம் செல்லுலோஸ். குளுகோஸை ஆயிரக்கணக்கில் கோத்த சரத்துக்குத்தான் செல்லுலோஸ் என்று பெயர். சரத்தை அறுத்தால் சர்க்கரை.

எப்படி அறுப்பது என்பதைத்தான் சொல்லப்போகிறேன். கல்லூரியில் வேதியியலோ உயிர்த்தொழில்நுட்பமோ படிக்கிறவர்கள், அறிவியல் கண்காட்சிக்கு மாணவர்களைத் தயார்செய்யும் ஆசிரியர்கள், வீட்டில் எதையாவது செய்து பார்த்துக்கொண்டே இருக்கிற ஆட்கள், இவர்களை நினைத்து எழுதுகிறேன். முதன்முதலில் செய்தபோது என் யோசனையெல்லாம் வினையூக்கியைப் பற்றியே இருந்தது. எந்த அமிலம், எந்த என்சைம், எவ்வளவு விடலாம்? நாலைந்து தடவை சொதப்பிய பிறகுதான் புரிந்தது. வினையூக்கிக்கு அதன் வேலை தெரியும். அது சரத்துக்குப் பக்கத்தில் போய்ச்சேர வழி பண்ணிக் கொடுப்பதும், வந்த சர்க்கரை எங்கிருந்து வந்தது என்று சந்தேகப்படுவதும்தான் நம் பாடு. அதனால் கீழே கழுவுவதைப் பற்றியும் ஒப்பீட்டுப் புட்டிகளைப் பற்றியும் அதிகம் பேசியிருக்கிறேன். அலுத்துக்கொள்ள வேண்டாம்.

சோறு இனிக்கிறது, வேட்டி ஏன் இனிக்கவில்லை?

ஒரு கவளம் சோற்றை விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தால் கொஞ்ச நேரத்தில் இனிக்கத் தொடங்கும். வேட்டி நுனியை நாள் முழுக்க மென்றாலும் இனிக்காது. இத்தனைக்கும் சோற்றில் இருக்கும் மாவுச்சத்தும் சரி, வேட்டியின் பருத்தியும் சரி, குளுகோஸ் சரங்கள்தான். வித்தியாசம் முடிச்சில் இருக்கிறது. மாவுச்சத்தில் முடிச்சு ஆல்ஃபா வகை. சரம் சுருள் சுருளாக நிற்கும், தண்ணீர் உள்ளே புகும், எச்சிலில் உள்ள அமைலேஸ் அதை வெட்டிவிடும். செல்லுலோஸில் முடிச்சு பீட்டா வகை. ஒவ்வொரு குளுகோஸும் முந்தையதற்குத் தலைகீழாகத் திரும்பி உட்கார்ந்திருப்பதால் சரம் நேராக நீளும். பக்கத்துப் பக்கத்துச் சரங்கள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொண்டு படிகமாகவே இறுகிவிடும். அதை வெட்டும் என்சைம் நம்மிடம் இல்லை. மாட்டிடமும் கிடையாது, அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களிடம்தான் இருக்கிறது.

பருத்தியிலாவது செல்லுலோஸ் தனியாக இருக்கிறது. சக்கையில் அதைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் (சைலோஸ் போன்ற வேறு சர்க்கரைகளின் சரம்), அதற்கும் மேலே லிக்னின். தேர் இழுக்கும் வடக்கயிற்றில் தாரை ஊற்றி இறுக்கியது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். புரிகள் செல்லுலோஸ், தார் லிக்னின். இந்தக் கயிற்றின் மேல் எவ்வளவு நல்ல கத்தியை வைத்தாலும் தாரில்தான் வழுக்கும்.

வெட்டும் வேலைக்கு நீராற்பகுப்பு என்று பெயர். ஒவ்வொரு முடிச்சிலும் ஒரு நீர் மூலக்கூறு நுழைந்து அதைப் பிரிக்கிறது. சரத்தில் இருக்கும்போது ஒரு குளுகோஸ் அலகின் எடை 162. தண்ணீரின் 18 சேர்ந்து வெளியே வரும்போது 180. ஆகவே சுத்தமான செல்லுலோஸ் 1 கிலோ முழுவதும் உடைந்தால் 1.11 கிலோ குளுகோஸ் கிடைக்கும். இந்த 1.11 கடைசிக் கணக்கில் தேவைப்படும், ஞாபகம் இருக்கட்டும். வினையூக்கி இல்லாமல் வெறும் தண்ணீரில் போட்டுவைத்தால் நம் ஆயுளில் நடக்காது. நடந்திருந்தால் மழையில் நனைந்த நோட்டுப் புத்தகமெல்லாம் பாகாகியிருக்கும்.

அமிலமா, என்சைமா?

அமிலம் பழைய வழி. பிரான்சில் நான்சி நகரத்து வேதியியலாளர் ஆன்ரி பிராகோனோ, 1819-ல் மரத்தூளையும் பழைய லினன் துணியையும் கந்தக அமிலத்தில் போட்டுச் சர்க்கரை எடுத்துக் காட்டினார். செல்லுலோஸ் என்ற பெயரே அப்போது இல்லை. 1830களின் கடைசியில்தான் அன்செல்ம் பாயென் அதைத் தனியாகப் பிரித்துக் காட்டினார். அப்புறம் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜெர்மனியில் மரத்திலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளே நடந்தன. ஷோலர் முறையில் நீர்த்த கந்தக அமிலம், பெர்கியுஸ் முறையில் அடர் ஹைட்ரோகுளோரிக் அமிலம்.

அமிலம் வேகமாக வேலை செய்யும். ஆனால் நிறுத்தத் தெரியாது. நீர்த்த அமிலத்துக்கு 160, 180, 200 டிகிரி என்று சூடு வேண்டும். அந்தச் சூட்டில் பிறந்த குளுகோஸையும் அது விடாமல் அடித்து ஹைட்ராக்சிமெத்தில் ஃபர்ஃபியூரலாக்கும், அங்கிருந்து லெவுலினிக் அமிலமும் ஃபார்மிக் அமிலமும் வரும். ஹெமிசெல்லுலோஸிலிருந்து வரும் சைலோஸ் ஃபர்ஃபியூரலாகும். கரைசல் பழுப்பேறி வாதுமை வாசனை அடித்தால் சர்க்கரை கருகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பாத்திரம் அரிக்கும். முடிந்த பிறகு சுண்ணாம்பு போட்டு அமிலத்தைச் சரிக்கட்டினால் ஜிப்சம் மலைபோல் சேரும். தயவுசெய்து இதை வீட்டில் முயலாதீர்கள்.

திண்ம அமிலங்களும் உண்டு. சல்ஃபோனிக் அமிலக் குழுக்களை ஒட்டவைத்த கரித்தூள், ரெசின் மணிகள் போன்றவை. வடிகட்டித் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது வசதி. ஆனால் வினையூக்கியும் திடம், சக்கையும் திடம். ஒன்றையொன்று தொடுவதே அபூர்வம். அதனால் குண்டுகள் உருளும் ஆலையில் இரண்டையும் சேர்த்து மணிக்கணக்கில் அரைக்க வேண்டியிருக்கிறது. முதல்முறை செய்பவருக்கு இது வேண்டாத வேலை.

என்சைமின் கதை சுவாரசியமானது. இரண்டாம் உலகப் போரின்போது சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களும் துணிச் சாமான்களும் மக்கி உதிர்ந்தன. காரணம் தேடியபோது ஒரு பூஞ்சை அகப்பட்டது. துணியைக் காப்பாற்றத்தான் அதைப் பிடித்துவந்து ஆராய்ந்தார்கள். எல்வின் ரீஸும் மேரி மேண்டல்ஸும் நேட்டிக் ராணுவ ஆய்வகத்தில் அதன்மேல் பல ஆண்டுகள் உழைத்தார்கள். பின்னால் ரீஸின் பெயரிலேயே அதற்கு டிரைக்கோடெர்மா ரீஸி என்று பெயரிட்டார்கள். இன்று விற்பனையாகும் செல்லுலேஸ் என்சைம்களில் பெரும்பகுதி இதன் வம்சத்திலிருந்து வருவதுதான்.

செல்லுலேஸ் என்பது ஒரே என்சைம் இல்லை, ஒரு கோஷ்டி. எண்டோகுளுகனேஸ் சரத்தை நடுநடுவே வெட்டும். செல்லோபயோஹைட்ரோலேஸ் சரத்தின் நுனியைப் பிடித்துத் தன் உடம்பில் உள்ள ஒரு குகைக்குள் செலுத்தி, இரண்டிரண்டு குளுகோஸாக நறுக்கிக்கொண்டே நகரும். அந்த இரட்டைக்குச் செல்லோபயோஸ் என்று பெயர். பீட்டா குளுகோசிடேஸ் அந்த இரட்டையைப் பிரித்துக் குளுகோஸ் ஆக்கும். மூன்றில் ஒன்று சோம்பினாலும் வரிசை தேங்கிவிடும். 2011-ல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அணுவிசை நுண்ணோக்கியில் இந்த என்சைம்கள் செல்லுலோஸ் இழைமேல் ஊர்ந்து போவதையே படம் பிடித்தார்கள். முன்னால் போகிற ஒன்று தடையில் நின்றுவிட்டால், பின்னால் வருபவை வரிசையாக முட்டி நிற்கின்றன. சரியான டிராஃபிக் ஜாம். என்சைமை இரண்டு மடங்கு ஊற்றினால் சர்க்கரை இரண்டு மடங்கு வராததற்கு இதுவும் ஒரு காரணம்.

என்னென்ன வேண்டும்

காய்ந்த சக்கைத்தூளாக 12 கிராம் போதும், ஆனால் ஒரு பை நிறைய வாங்கிக்கொள்ளுங்கள். "அண்ணே, கொஞ்சம் சக்கை வேணும்" என்றால் "மாட்டுக்கா தம்பி? அள்ளிக்கங்க" என்பார்கள். சும்மா கிடைக்கிறதே என்று எண்ண வேண்டாம், இதற்கும் ஆலை அளவில் போட்டி உண்டு. சர்க்கரை ஆலைகள் சக்கையைக் கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கின்றன. கரூர் பக்கம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை சக்கையிலிருந்துதான் காகிதம் செய்கிறது.

என்சைமுக்கு அலைய வேண்டாம். திருப்பூரில் பனியன் துணியின் பிசிறு நீக்கி வழவழப்பாக்க ஊற்றுவது செல்லுலேஸ்தான். அங்கே அதற்குப் பயோ வாஷ், என்சைம் வாஷ் என்று பெயர். சாயப்பட்டறைகளுக்குச் சரக்கு கொடுக்கும் கெமிக்கல் கடைகளில் அமில வகைச் செல்லுலேஸ் என்று கேளுங்கள். நடுநிலை வகையும் இருக்கிறது, அது வேண்டாம். ஒரு விஷயம்: துணிக்கென்று செய்த என்சைமில் எண்டோகுளுகனேஸ் தூக்கலாகவும் மற்ற இரண்டும் குறைவாகவும் இருக்கும். துணி நைந்துவிடக் கூடாதல்லவா? அதனால் முழு விளைச்சல் எதிர்பார்க்க முடியாது. கல்லூரி வழியாக வாங்க முடிந்தால் உயிரி எரிபொருளுக்கான கலவையையே வாங்குவது நல்லது. பொடியாக இருந்தால் முகமூடி இல்லாமல் பிரிக்காதீர்கள், மூச்சில் போனால் சிலருக்கு ஆஸ்துமாபோல் இழுக்கும். திரவமே மேல்.

மற்றவை: காஸ்டிக் சோடா, சிட்ரிக் அமிலம், டிரைசோடியம் சிட்ரேட், பிஎச் தாள், 0.1 கிராம் வரை காட்டும் தராசு, சமையல் வெப்பமானி, மூடியுள்ள கண்ணாடிப் புட்டிகள் நான்கு, எவர்சில்வர் பாத்திரம், பழைய வேட்டித் துணி, கண்ணாடியும் கையுறையும், அப்புறம் வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இருக்கவே இருக்கிறது சுகர் பார்க்கும் மெஷின்.

முதல் வேலை: கழுவுவது

சக்கையை விரல் நீளத்துக்கு நறுக்கி, கொதிநீரில் அரைமணி ஊறவைத்துப் பிழியுங்கள். இப்படி நான்கைந்து தண்ணீர். வெறும் குப்பையைக் கழுவுவானேன் என்று நினைக்கத் தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்தேன். கல்லூரி ஆய்வகத்தில் முதலில் அமிலத்தை வைத்துச் செய்தபோது, சக்கையைக் கழுவாமல் போட்டு, வந்த சர்க்கரையைப் பார்த்துக் குதித்தேன். மேற்பார்த்த ஆசிரியர் ஒரே கேள்வி கேட்டார்: "இது சக்கைச் சர்க்கரையா, சாற்றுச் சர்க்கரையா?" சக்கையில் ஒட்டியிருந்த சாற்றின் சுக்ரோஸை அமிலம் நிமிஷத்தில் குளுகோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரித்திருந்தது. கழுவிவிட்டுத் திரும்பச் செய்தேன். பெருமை கால்வாசியானது.

கழுவியதை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, மிக்சியில் அரைத்து, ரவை சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். மிக்சியைத் தொடர்ந்து ஓட்டினால் மோட்டார் சூடாகும், விட்டுவிட்டு ஓட்டவும். மாவாக வேண்டியதில்லை, ரவைப் பதம் போதும். இதில் 2 கிராமைத் தனியே எடுத்துவையுங்கள், பின்னால் வேண்டும்.

இரண்டாவது: தாரைக் கழற்றுவது

200 மி.லி. தண்ணீரில் 4 கிராம் காஸ்டிக் சோடா. தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போட வேண்டும், காஸ்டிக் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள், தானாகவே சூடேறும். கண்ணாடி, கையுறை கட்டாயம். கையில் பட்டால் குழாயைத் திறந்து 15 நிமிஷம் நல்ல தண்ணீரில் காட்ட வேண்டும். வினிகரைத் தேடி ஓட வேண்டாம். கண்ணில் பட்டால் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் போக வேண்டும்.

அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது. குக்கரும் பெரும்பாலும் அலுமினியம்தான். காஸ்டிக் அலுமினியத்தைத் தின்று ஹைட்ரஜன் வாயுவை விடும். எனக்குத் தெரிந்த ஒருவர் அவசரத்துக்கு அலுமினியக் குண்டாவில் வைத்தார். பொங்கிய நுரையைப் பால் பொங்குவதுபோல் ஊதி அடக்கப் பார்த்தார். நல்லவேளை, அடுப்பு எரியவில்லை.

எவர்சில்வர் பாத்திரத்தில் 10 கிராம் சக்கைத்தூளை இந்தக் கரைசலோடு கலந்து மூடி, கொதிக்கும் தண்ணீர் உள்ள பெரிய பாத்திரத்துக்குள் 2 மணி நேரம் வையுங்கள். ஆய்வகத்தில் ஆட்டோகிளேவ் இருந்தால் 121 டிகிரியில் முக்கால் மணி. பத்து நிமிஷத்திலேயே நிறம் மாறும். முதலில் பொன்மஞ்சள், அப்புறம் டீ, கடைசியில் கடுங்காப்பி. அந்தக் கறுப்புதான் கரைந்து வெளியே வந்த லிக்னின். ஆறியதும் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். கறுப்புத் தண்ணீரைச் சாக்கடையில் அப்படியே கொட்டாதீர்கள். வினிகரோ சிட்ரிக் அமிலமோ விட்டுக்கொண்டே வந்தால் காரம் தணிந்து, அமிலப் பக்கம் போனதும் லிக்னின் பழுப்புக் கசடாகத் திரிந்து அடியில் இறங்கும். தண்ணீரை நிறைய நீர் சேர்த்துக் கொட்டலாம்.

இனிமேல்தான் பொறுமை. துணியில் நிற்கிற சக்கையைக் கழுவ வேண்டும், கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். தண்ணீர் தெளிந்தால் போதாது, பிஎச் தாள் 7 காட்ட வேண்டும். எனக்கு எட்டு ஒன்பது தண்ணீர் பிடிக்கும். ஒருமுறை ஐந்தோடு நிறுத்திவிட்டு, "என்சைம் கெட்டுப்போன சரக்கு" என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். நாருக்குள் மிச்சமிருந்த காரம் மெல்ல ஊறி வெளியே வந்து பிஎச்சை 8-க்கு ஏற்றி என்சைமைக் கொன்றிருந்தது.

கழுவி முடித்ததும் கையில் இருப்பது வெளிர்ந்த, பஞ்சுபோன்ற கூழ். உலர் எடையில் 10 கிராம் போட்டால் எனக்கு 6 கிராம் அளவில் நின்றிருக்கிறது. இதைத் திரும்பக் காயவைக்கத்தான் கை பரபரக்கும். வேண்டாம். நாரில் இப்போது திறந்திருக்கும் நுண்துளைகள் காய்ந்தால் சுருங்கி மூடிவிடும். திரும்ப நனைத்தாலும் முழுதாகத் திறக்காது. இவ்வளவு பாடுபட்டு என்சைமுக்கு வெட்டிய பாதையை நாமே அடைத்த மாதிரி ஆகும். ஈரமாகவே டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்து, நாலைந்து நாளுக்குள் பயன்படுத்துங்கள்.

ஆனால் உலர் எடை தெரியாமல் கணக்கு வராதே? ஈரக் கூழில் 5 கிராம் மட்டும் எடுத்து 105 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும் வரைக்கும் காயவைத்து நிறுங்கள். 1 கிராம் நின்றால் உலர்ப்பொருள் 20 சதவீதம். அப்படியானால் 2 கிராம் உலர் எடைக்கு ஈரக்கூழ் 10 கிராம் எடுக்க வேண்டும். அதிலேயே 8 மி.லி. தண்ணீர் இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது.

மூன்றாவது: புட்டிகள்

இந்தச் செல்லுலேஸுக்குப் பிடித்தது 50 டிகிரி, பிஎச் 4.8. பிஎச்சை நிலையாக வைக்கத் தாங்கல் கரைசல்: 1 லிட்டர் தண்ணீரில் சிட்ரிக் அமிலம் 4.8 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 7.9 கிராம். கடையில் கிடைக்கும் நீரேறிய உப்புகளுக்கான கணக்கு இது. பிஎச் தாளில் 5-ஐ ஒட்டிக் காட்டினால் சரி. கொதிக்கவைத்து ஆற்றிக்கொள்ளுங்கள், கண்ட கிருமியும் வந்து நம் சர்க்கரையைத் தின்ன வேண்டாம்.

நான்கு புட்டிகளுக்கும் பெயர் ஒட்டுங்கள்.

அ: காரத்தில் வெந்த கூழ் (உலர் எடை 2 கிராம்), தாங்கல் கரைசல், என்சைம் 0.2 மி.லி.
ஆ: அதே கூழ், தாங்கல் கரைசல், என்சைம் இல்லை.
இ: தாங்கல் கரைசலும் என்சைமும் மட்டும். சக்கை கிடையாது.
ஈ: எடுத்துவைத்த வேகாத சக்கைத்தூள் 2 கிராம், தாங்கல் கரைசல், என்சைம் 0.2 மி.லி.

எல்லாவற்றிலும் மொத்தத் திரவம், கூழின் தண்ணீரையும் சேர்த்து, 40 மி.லி. இருக்க வேண்டும். பலர் அ புட்டியை மட்டும் வைத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இ எதற்கு? என்சைம் கெடாமல் இருக்கத் தயாரிப்பாளர்கள் அதிலேயே சர்க்கரை வகைகளைக் கலப்பதுண்டு. அது எவ்வளவு என்று தெரியாமல் அ-வின் எண்ணை நம்ப முடியாது. ஈ எதற்கு? காரத்தில் வேகவைத்த பாடெல்லாம் வீணா இல்லையா என்று அது சொல்லும். எனக்கு ஈ எப்போதும் அ-வின் கால் பங்கைத் தாண்டியதில்லை. என்சைம் அதேதான், சக்கையும் அதேதான், தார் மட்டும் கழற்றவில்லை.

புட்டிகளை 50 டிகிரி தண்ணீரில் வையுங்கள். வாட்டர் பாத் இல்லாதவர்கள் தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர் ஊற்றி, ஒரு மணிக்கொருதரம் வெப்பமானியைப் பார்த்து வெந்நீர் மாற்றலாம். 45-க்கு இறங்கினால் பரவாயில்லை, மெதுவாக நடக்கும். 60-ஐத் தாண்டினால் என்சைம் சுருண்டுவிடும், ஆறவைத்தாலும் திரும்பாது. அரைமணிக்கொருதரம் குலுக்கிவிடுங்கள்.

அ புட்டியைக் கவனித்துக்கொண்டே இருங்கள். தொடக்கத்தில் கூழ் புட்டி முழுவதையும் அடைத்துக்கொண்டு, சாய்த்தாலும் அசையாமல் நிற்கும். இரண்டு மூன்று மணியில் இளகும். ஆறு மணியில் மேலே தண்ணீர் பிரிந்து நிற்கும். மறுநாள் பார்த்தால் நார் நாராக இருந்தது போய் அடியில் மெல்லிய வண்டல். ஆ புட்டி வைத்தது வைத்தபடி இருக்கும்.

நான்காவது: அளப்பது

0, 2, 6, 24 மணிகளில் ஒவ்வொரு புட்டியிலிருந்தும் 1 மி.லி. எடுத்து, சிறு குழாயில் 5 நிமிஷம் கொதிநீரில் வைத்தால் என்சைம் அடங்கும். தெளிந்த பகுதியை மட்டும் பயன்படுத்துங்கள்.

ஆய்வகத்தில் டிஎன்எஸ் (டைநைட்ரோசாலிசிலிக் அமிலம்) முறை வழக்கம். மஞ்சள் கரைசலைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் சர்க்கரைக்கு ஏற்பச் செம்பழுப்பாகும், 540 நானோமீட்டரில் அளவு பார்க்கலாம். அது குளுகோஸ், செல்லோபயோஸ், சைலோஸ் என்று ஒடுக்கும் சர்க்கரை எல்லாவற்றையும் சேர்த்துக் காட்டும். என்சைமின் வலிமையை அளக்க உலகமெங்கும் பயன்படும் வடிகட்டித்தாள் அலகும் இதை நம்பியதுதான். 1 செ.மீ. அகலம், 6 செ.மீ. நீளம் உள்ள வாட்மன் 1 தாள், 50 மி.கி. எடை, 50 டிகிரியில் ஒரு மணி. 1987-ல் இந்த முறையை ஒழுங்குபடுத்தி எழுதியவர் தில்லி ஐஐடியின் டி. கே. கோஷ்.

சுகர் மெஷின் குளுகோஸை மட்டும் பார்க்கும். ஸ்ட்ரிப் டப்பாவில் குளுகோஸ் ஆக்சிடேஸ் என்று போட்டிருப்பதைப் பாருங்கள், வேறு சில வகை ஸ்ட்ரிப்புகள் சைலோஸையும் குளுகோஸாக எண்ணிவிடும். மெஷின் பொதுவாக 600 (100 மி.லி.க்கு இத்தனை மி.கி. என்ற கணக்கில்) வரைதான் காட்டும், அதற்கு மேல் கைவிரித்துவிடும். அதனால் மாதிரியைப் பத்து மடங்கு நீர்த்துத் தொடுங்கள். இரத்தத்துக்காகச் செய்த கருவி, நம் கரைசலில் அதன் எண் அச்சு அசலாக இருக்காது. தெரிந்த அளவு குளுகோஸ் பவுடரை இதே தாங்கல் கரைசலில் கரைத்து, 100, 200, 300 என்று மூன்று கரைசல் செய்து, மெஷின் என்ன சொல்கிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கு இப்படி. அ புட்டியிலிருந்து இ-யைக் கழித்த பிறகு 180 என்று வைத்துக்கொள்வோம். பத்து மடங்கு நீர்த்ததால் 1800, அதாவது 100 மி.லி.க்கு 1.8 கிராம். நம்மிடம் 40 மி.லி., ஆக 0.72 கிராம் குளுகோஸ். போட்ட கூழ் 2 கிராம், அதில் 60 சதவீதம் செல்லுலோஸ் என்று கொண்டால் 1.2 கிராம். 1.11-ஆல் பெருக்கினால் அதிகபட்சம் 1.33 கிராம் வந்திருக்க வேண்டும். 0.72-ஐ 1.33-ஆல் வகுத்தால் 54 சதவீதம். முதல் முயற்சிக்கு இது நல்ல மதிப்பெண்.

60 சதவீதம் என்பதை ஊகமாக விடாமல் அளக்க விரும்பினால் அமிலம் உதவும், கல்லூரி ஆய்வகத்தில், மேற்பார்வையோடு. உலர்தூள் 300 மி.கி., 72 சதவீதக் கந்தக அமிலம் 3 மி.லி., 30 டிகிரியில் ஒரு மணி. பிறகு 84 மி.லி. தண்ணீர் சேர்த்து அமிலத்தை 4 சதவீதத்துக்கு இறக்கி, 121 டிகிரியில் இன்னொரு மணி. குளுகோஸை அளந்து 0.9-ஆல் பெருக்கினால் செல்லுலோஸ். கரையாமல் நிற்பதில் பெரும்பகுதி லிக்னின்.

சரியாக வரவில்லையென்றால்

முதலில் பிஎச். புட்டிக்குள் தாளை விட்டுப் பாருங்கள், தொடக்கத்தில் பார்த்தது போதாது. பிஎச் சரி, வெப்பமும் சரி, நாரும் கரைந்திருக்கிறது, ஆனால் மெஷின் குறைவாகவே காட்டுகிறது என்றால் டிஎன்எஸ் செய்து பாருங்கள். அதில் நிறையக் காட்டினால் சர்க்கரை செல்லோபயோஸாகவோ சைலோஸாகவோ நிற்கிறது. துணி என்சைமில் செல்லோபயோஸ் தேங்குவது அடிக்கடி நடக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் நைஜரிலிருந்து எடுத்த பீட்டா குளுகோசிடேஸ் சில துளி விட்டால் எண் எகிறும்.

முதல் ஆறு மணியில் வேகமாக ஏறி 24-க்குப் பிறகு நகராமல் நின்றால் பதற வேண்டாம். சேர்ந்த செல்லோபயோஸும் குளுகோஸுமே என்சைமின் கையைக் கட்டிப்போடுகின்றன. எரிசாராய ஆலைகளில் ஈஸ்டையும் சேர்த்தே விடுவது இதற்காகத்தான். பிறக்கப் பிறக்க அது குளுகோஸைத் தின்றுகொண்டே போகும். மறுநாள் புளிப்பு வாசனை வந்து எண் இறங்கியிருந்தால் வேறு யாரோ தின்றிருக்கிறார்கள், புட்டியைக் கொட்டிவிட்டுப் பாத்திரங்களைக் கொதிக்கவைத்துத் திரும்பத் தொடங்குங்கள்.

இதைச் செய்துகாட்டும்போதெல்லாம் யாராவது ஒருவர், "காபியில் போட்டுக் குடிக்கலாமா?" என்று கேட்பார். கூடாது. காஸ்டிக்கும் துணி கெமிக்கலும் புழங்கிய பாத்திரம் அது. நாக்கில் வைத்துப் பார்க்கிற வேலையே வேண்டாம்.

ஒருமுறை சரியாக வந்துவிட்டால் அடுத்ததாகப் பழைய பருத்தி வேட்டியைப் போட்டுப் பாருங்கள். பருத்தியில் 90 சதவீதத்துக்கு மேல் செல்லுலோஸ், லிக்னின் தொல்லையே இல்லை. சக்கையைவிட அமோகமாக வரும் என்றுதான் நினைப்பீர்கள். பொடியாக நறுக்கி, அதே என்சைம், அதே 24 மணி. வெந்த சக்கைக்குப் பின்னால்தான் வரும். தார் இல்லாவிட்டாலும் பருத்தியின் புரிகள் அவ்வளவு இறுக்கமான படிகம். அதை இளக்க 2 சதவீதக் காஸ்டிக் போதாது. நூலைக் காஸ்டிக்கில் முக்கி மினுமினுப்பாக்குகிறவர்கள், அதாவது மெர்சரைஸ் செய்கிறவர்கள், 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் வைப்பார்கள், அந்தக் காரத்தில்தான் படிகமே கலைந்து வேறு விதமாக அடுக்கிக்கொள்ளும். அதை ஆய்வகத்தில், அறை வெப்பத்தில், முகக் கவசத்தோடு செய்யுங்கள். கழுவ எட்டுத் தண்ணீர் பற்றாது, பதினைந்தாவது ஆகும். வேட்டிக்கு இரண்டு புட்டி: மெர்சரைஸ் செய்தது ஒன்று, செய்யாதது ஒன்று.